கடலோரக் கராஜுக்கு ஒரு சறுக்கு மேசை வாள்: மூன்றில் எதை எடுத்தேன், ஏன்

ஒன்பது வருஷமாக என்னிடம் இருந்தது ஒரு 10 அங்குல மேசை வாள். அதன் இடப்பக்கத்தில் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட சின்னச் சறுக்கு மேசை ஒன்று, அதாவது பலகையைத் தன்மேல் சுமந்தபடி வாளைத் தாண்டி ஓடும் மேசை. புத்தக ராக்கை, ஸ்டூல், சாமிப் படத்துக்கு ஒரு தட்டு என்று செய்துகொண்டிருந்த வரைக்கும் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. அக்கா வீட்டுச் சமையலறைக் கபேட்டைக் கையேற்றபோதுதான் அதன் குணம் தெரிந்தது. பதினான்கு லாச்சி; ஒன்றுகூடச் சதுரமாக நிற்கவில்லை.

ஐந்து வெட்டுச் சோதனை செய்து பார்த்தேன். ஒரு பலகையைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கத்தையும் வரிசையாக வெட்ட வேண்டும். ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்திலிருந்தே ஒரு கீற்றை அறுத்தெடுத்து, அதன் இரண்டு முனையின் அகலத்தையும் அளக்க வேண்டும். நான்கு மூலையின் பிழையும் அந்தக் கீற்றில் சேர்ந்து நிற்கும். வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் ஒரு வெட்டின் பிழை. 600 மி.மீ. பலகையில் எனக்கு வந்த வித்தியாசம் 1.6 மி.மீ., அதாவது வெட்டுக்கு 0.4. திருகாணிகளைத் திருகி நேராக்குவேன். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பழையபடி. தொங்கவிட்ட மேசை தன் பாரத்திலேயே தொய்கிறது. இதற்கு மேல் அதனோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் நிற்கிற மாதிரி 3.2 மீற்றர் சறுக்கு மேசையோடு, பெரிய தாள்களை அறுக்கும் புதிய சீன பனல் சோ ஒன்று. அல்லது பாவித்த ஐரோப்பிய மெஷின், 1.3 மீற்றர் மட்டும் ஓடும் குட்டைச் சறுக்கு மேசையோடு. அல்லது சறுக்கு மேசையே வேண்டாம் என்று விட்டு, கனத்த வார்ப்பிரும்பு மேசை வாள் ஒன்றும், தண்டவாளத்தின் மேல் ஓடும் கை வட்டவாளான ட்ராக் சோ ஒன்றும். நான் எடுத்தது இரண்டாவதை. ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நீளத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. முழுப் பிளைவூட் தாள் 2.44 மீற்றர். அதை ஒரே ஓட்டத்தில் அறுக்க 3.2 மீற்றர் மேசை சௌகரியம்தான். ஆனால் அந்த மேசை வாளுக்கு முன்னும் ஓட வேண்டும், பின்னும் ஓட வேண்டும், ஆக ஏழு மீற்றர் அளவு வெறும் இடம் கேட்கும். என் கராஜ் 5.5 மீற்றர். பின்சுவரை உடைத்துக் கிணற்றடி வரை நீட்டலாம் என்று ஒரு வாரம் கனவு கண்டேன். வீட்டில் அதைச் சொன்னபோது கிடைத்த பார்வையோடு அந்தக் கனவு முடிந்தது.

ட்ராக் சோவை நண்பர் ஒருவரிடம் ஒரு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். மகிட்டாவின் எஸ்பி6000, 165 மி.மீ. பிளேட். தரையில் ரெஜிபோம் விரித்து, அதன் மேல் தாளைக் கிடத்தி, தண்டவாளத்தைக் கோட்டில் வைத்துத் தள்ளினால் முடிந்தது. பெரிய தாளைப் பிளக்க அதைவிடச் சுகமான வழி இல்லை, முதுகும் தப்பும். ஆனால் ஒரே அளவில் இருபத்தெட்டு லாச்சிப் பக்கங்கள் வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் அளந்து, கோடு போட்டு, தண்டவாளத்தை வைத்து… ஆறாவது பலகையிலேயே எனக்கு அலுத்துவிட்டது. சறுக்கு மேசையில், பலகையின் முனையை ஒரே அளவில் பிடிக்கும் நிறுத்துக்கட்டையை ஒருதரம் பூட்டினால் போதும். ஒரு மாத அனுபவம்தான் என்னுடையது. அதற்கென்று வேலைமேசை அமைத்துப் பழகியவர்கள் இதைவிட வேகமாகச் செய்வார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இன்னொரு தேவையும் இருந்தது. நான் பிளைவூட்டைவிடப் பலாவும் முதிரையும்தான் அதிகம் அறுப்பவன். ஆலையிலிருந்து வரும் பலாப் பலகைக்கு நேரான ஓரமே இருக்காது. அதைச் சறுக்கு மேசையில் கிளாம்ப் போட்டு ஒரு தள்ளுத் தள்ளினால் நேர் ஓரம் கிடைத்துவிடும். கையும் பிளேட்டுக்குப் பக்கத்தில் போவதில்லை. (பாதுகாப்பு என்றதும் சோஸ்டொப்பைப் பற்றிக் கேட்பார்கள். தோல் பட்டால் 5 மில்லி செக்கனுக்குள் பிளேட்டை நிறுத்தும் அமெரிக்க மேசை வாள் அது. அருமையான யோசனை. ஆனால் நல்ல ஈரமான மரத்தையும் அது தோல் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தரம் பாயும்போதும் பிரேக் கட்டையும் பெரும்பாலும் பிளேட்டும் போகும். இங்கே எங்களுக்கு விற்கப்படும் மரத்தின் ஈரத்தை நினைத்துப் பாருங்கள்.)

அப்புறம் கரண்ட். என் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ், 30 ஆம்பியர். பெரிய பனல் சோக்களில் அநேகமாக எல்லாமே 400 வோல்ட் மூன்று ஃபேஸ். மின் விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பித்து மூன்று ஃபேஸ் எடுக்கலாம். ஆனால் வீட்டு வயரிங்கையும் அதற்கேற்றபடி மாற்ற வேண்டும். ஒரு மெஷினுக்காக அவ்வளவு தூரம் போக நான் தயாராக இல்லை. விஎஃப்டி என்கிற பெட்டியை வைத்து ஒற்றை ஃபேஸிலிருந்தே மூன்று ஃபேஸ் மோட்டரை ஓட்டலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத் தெரியாமல் இருந்திருந்தால் முதல் மெஷினிலேயே காசைத் தொலைத்திருப்பேன்.

இறக்குமதி செய்த பாவித்த மெஷின்கள் விற்கும் ஒரு யார்டில் எல்லாவிதத்திலும் பிடித்த ஒன்று நின்றது. "தம்பி, இது எந்தக் கரண்டிலையும் ஓடும், பயப்படாம எடுங்கோ" என்றார் விற்றவர். மோட்டரில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 400/690. சாதாரண விஎஃப்டிக்குள் 230 வோல்ட் போனால் வெளியே வருவதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். தகட்டில் 230/400 என்று இருந்தால், மோட்டர் பெட்டிக்குள் இருக்கும் மூன்று செப்புத் தகடுகளை மாற்றிப் பூட்டி, சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்குக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் முழுப் பலத்தோடு ஓட்டலாம். 400/690 என்றால் டெல்டாவுக்கே 400 வேண்டும்; 230-இல் அது முனகும், மரத்தைக் கண்டதும் நின்றுவிடும். 4 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள ஐரோப்பிய மோட்டர்களில் இந்த 400/690 சாதாரணம். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் வாங்கியது 2.2 கிலோவாட், 230/400. விஎஃப்டியோடு 30 ஆம்பியருக்குள் அடங்குகிறது. ஆனாலும் வாள் ஓடும்போது வீட்டில் ஏசி போடக்கூடாது என்பது சட்டம்.

இதெல்லாம் இருந்தும், உண்மையில் என்னை முடிவெடுக்க வைத்தது துரு.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடையில் இருக்கிறேன். இந்தப் பக்கம் ஏசியின் வெளிப் பெட்டி இரண்டு மூன்று வருஷத்தில் பொருபொருவென்று உதிரும். ஜன்னல் கம்பிக்கு ஆண்டுக்கு ஒருதரம் பெயின்ட் அடிக்காவிட்டால் செதில் செதிலாகக் கழலும். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கினால் கடல் உப்பு நேரே வீட்டுக்குள் வரும். வார்ப்பிரும்பு மேசையில் இரவு தண்ணீர்க் கிளாஸை வைத்தால் காலையில் செம்மண் நிற வட்டம். வார்ப்பிரும்பைச் சமாளிப்பது கஷ்டமில்லை. மெழுகு பூசலாம், துரு வந்தால் தேய்த்து எடுக்கலாம், வெட்டின் நேர்த்திக்கு அதனால் ஒன்றும் ஆகாது. (சிலிக்கன் கலந்த ஸ்பிரே மட்டும் வேண்டாம், அது மரத்தில் ஏறினால் பிறகு வார்னிஷ் குழி குழியாக ஒதுங்கும்.)

சறுக்கு மேசை அப்படியல்ல. 1906-ல் பெர்லினில் பட்டறை தொடங்கிய வில்ஹெல்ம் ஆல்டென்டோர்ஃப் உருவாக்கிய அந்த யோசனை இன்றைக்கும் அடிப்படையில் மாறவில்லை: பலகை வாளுக்குள் போவது தனியாக ஓடும் ஒரு மேசையின் மேல் ஏறி. அந்த மேசை எவ்வளவு நேராக ஓடுகிறதோ வெட்டும் அவ்வளவு நேர். மேசை அலுமினியம், அது துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே பேரிங் உருளும் பாதை கெட்டியாக்கிய உருக்கு. அதில் ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தாலும் பேரிங் அதில் இறங்கி ஏறும். தள்ளும் கைக்கு மெல்லிய கடகடப்பு. வெட்டிய விளிம்பில் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் ஒரு அலை. எண்ணெய் ஊற்றினால் தீர்ந்தது என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம். எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து களியாகி, காய்ந்து, பாதையில் கல்லாக ஒட்டிக்கொள்ளும். பலா அறுத்தால் அந்தக் களி மஞ்சளாக, இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்.

ஆகவே எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பாதையை நானே கழற்றலாமா, துடைக்கலாமா, கெட்டால் அதை மட்டும் மாற்றலாமா?

மொறட்டுவையில் எனக்குத் தெரிந்த தச்சு பாஸ் ஒருவரிடம் சீன பனல் சோ ஒன்று நான்கு வருஷமாக ஓடுகிறது. வெட்டு அருமை. மெலமைன் தாளின் அடிப்பக்கத்தைச் சிதறவிடாமல் முன்னால் கீறிக்கொண்டு போகும் சின்னப் பிளேட்டும் உண்டு. அதைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஆனால் அவருடைய மேசையில் உருக்குப் பாதையைத் தனியாக எடுக்க வழியில்லை. கெட்டால் மேசையோடு சேர்த்துத்தான் வரவழைக்க வேண்டும். தினமும் பத்து மணித்தியாலம் ஓடும் மெஷின் என்பதால் துரு பிடிக்க நேரமில்லை, பையன் ஒருவன் மாலையில் துடைத்தும் வைப்பான். வார இறுதியில் மட்டும் ஓடும் என் கராஜில் அதே மெஷின் வேறு மாதிரி வாழும். நான் கிட்டப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். எல்லாச் சீன மெஷினுக்கும் இதைப் பொருத்திப் பேச மாட்டேன்.

நான் எடுத்த பாவித்த மெஷினில் பாதை என்பது விரல் பருமனுள்ள நான்கு உருக்குக் கம்பிகள். அலுமினியப் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். முனைத்தகட்டைக் கழற்றினால் கம்பியை இழுத்து எடுக்கலாம். வாங்குவதற்கு முன்பே யார்டில் நின்று கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒரு கம்பியில் நகம் தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழி இருந்தது. விலை குறைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பியை அரை வட்டம் திருப்பிப் போட்டேன்; குழி அலுமினியத்தின் பக்கம் போய்விட்டது, பேரிங் புதிய முகத்தில் ஓடுகிறது. இப்படி ஒரு கம்பிக்கு இரண்டு மூன்று ஆயுள். மேசையைக் கீழிருந்து பிடிக்கும் உருளைகளுக்குள் இருப்பது 608 பேரிங், 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம். பிள்ளைகளின் ரோலர் ஸ்கேட்டில் இருக்கும் அதே சாமான். வாள்தண்டில் இருப்பது 6204. இரண்டும் பஞ்சிகாவத்தையில் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022-ல் டொலர் தட்டுப்பாட்டின்போது ஒரு சின்ன மோட்டர் கப்பாசிற்றருக்கு அலைந்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

பராமரிப்பு இப்போது இவ்வளவுதான்: வேலை முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைப்பது, பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டுத் தேய்த்து, உடனே இன்னொரு துணியால் அதையும் துடைத்து எடுப்பது. பார்வைக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது. காற்றுக் காலத்தில் மேலே ஒரு பழைய பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் விரிப்பு போட்டுப் பார்த்தேன், அடியில் வியர்த்துவிட்டது.

குறைகளும் உண்டு. முழுத் தாளை இதில் தூக்கி வைக்க முடியாது. முதலில் கை வட்டவாளால் கரடாகப் பிளந்துதான் கொண்டுவருகிறேன், நண்பர் மனம் வைத்தால் ட்ராக் சோவால். அகலமான காடி வெட்டும் அடுக்குப் பிளேட்டை இதன் குட்டைத் தண்டு ஏற்காது, அதற்கு ரவுட்டர்தான். பிளேட்டின் துளை 30 மி.மீ. ஆக இருப்பது மட்டும் அதிர்ஷ்டம்: மொறட்டுவைப் பனல் சோக்களுக்கும் அதே அளவு என்பதால் பிளேட்டும் சாணை பிடிப்பதும் கஷ்டமில்லை. விற்க நேர்ந்தால் எவ்வளவு தேறும் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. 350 கிலோவை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்களின் மேல் உருட்டி உள்ளே கொண்டுவந்த நாளிலேயே அந்த யோசனை போய்விட்டது.

வாங்கிய மாதம் செய்த ஐந்து வெட்டுச் சோதனையில் கீற்றின் வித்தியாசம் 0.2 மி.மீ., வெட்டுக்கு 0.05. ஒரு தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்கக் கடந்த பிறகு திரும்பச் செய்தபோதும் அதே. ஒரு காலம்தான் கடந்திருக்கிறது; ஐந்தாறு போன பிறகு என்ன சொல்வேனோ. அக்காவின் லாச்சிகள் பதினான்கையும் புதிதாக வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மேசையை முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் அதன் நுனி கராஜ் கதவைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கிறது. அதனால் மழை நாளில் நீள வெட்டு கிடையாது. குறுக்கு வெட்டு மட்டும்.