வேருக்கு இடும் உர மாத்திரை: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வெறும் சரளை பரப்பிய என் 60 லிட்டர் நன்னீர் மீன் தொட்டியில், திரவ உரத்தைத் தவறாமல் விட்டுவந்தும் அமேசான் ஸ்வோர்டு என்ற நீர்ச்செடியின் குருத்துகள், நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவுமே வந்துகொண்டிருந்ததால், சரளைக்குள் புதைக்கும் இந்தக் களிமண் உர மாத்திரைகளை வாங்கினேன். இரும்புச்சத்து பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் நகராது என்பதால் அதன் குறை முதலில் குருத்தில்தான் தெரியும். மேலும், நீரின் பிஎச் அளவு 7-ஐத் தாண்டும்போது, திரவ உரங்களில் பொதுவாகச் சேர்க்கப்படும் ஈடிடிஏ (இரும்பைப் பிடித்துவைக்கும் ஒரு சேர்மம்) வகை இரும்பு நீண்ட நேரம் நிலைத்திருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த சரளையின் அடியிலோ, வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் அது நீடிக்கிறது.

மூன்றாம் வாரத்தில் விரிந்த குருத்து முழுப் பச்சையாக இருந்தது. வெளிறிய பழைய இலைகள் தேறவில்லை. அவற்றை அடியோடு வெட்டிவிட்டேன். பிறகு ஓரத்துச் சரளையை மெல்ல விலக்கிப் பார்த்தபோது, நூல் போன்ற வெண்ணிற வேர்கள் எஞ்சிய களிமண் துண்டைச் சுற்றிப் பின்னியிருந்ததைக் கண்டு மனம் நிறைந்தது.

உறையிலுள்ள குறிப்புதான் பெருங்குறை. எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் மாத்திரையை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தேன்; மறுவாரம் பக்கத்துச் செடியைப் பிடுங்கி நட்டபோது அது உடைந்து நீர் கலங்கியது, அம்மோனியா ஏறியது, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சுக்குத் திணறின. பாதி நீரை இரண்டு முறை மாற்றிய பிறகே அவை அமைதியடைந்தன. இப்போது நீண்ட இடுக்கியால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதுமானதாக இருக்கிறது.

'எல்லா நீர்த்தாவரங்களுக்கும்' என்ற வாசகத்தையும் ஏற்க இயலாது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கல்லிலோ கட்டையிலோ பற்றி, சத்தை நீரிலிருந்தே எடுப்பவை; மாத்திரைக்காக அவற்றின் தடித்த தண்டைச் சரளையில் புதைத்தால் அது அழுகிவிடும். அவற்றுக்குத் திரவ உரமே ஏற்றது.

கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடிக்கு மட்டும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இடம் மாற்றியதால் என் செடியின் இலைகள் அத்தனையும் கரைந்துபோயின. வேரைப் பிடுங்காமல் விட்டு, அருகில் ஒரு மாத்திரையைப் புதைத்தேன். நான்காம் வாரம் சரளையின் இடுக்கில், நகத்தளவில் பழுப்பேறிய மூன்று இலைகள் தலைகாட்டின.