கோல்ஃப் காலணி: ஸ்பைக் வைத்ததா, ஸ்பைக் இல்லாததா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பைக் (புல்லில் பிடிப்புக்காகக் காலணியின் அடியில் பொருத்தும் முள்) இல்லாத கோல்ஃப் காலணி ஒன்றை வாங்கினேன். சென்ற ஆண்டு அதை ஒதுக்கிவிட்டு, ஸ்பைக்கைக் கழற்றி மாட்டக்கூடிய தோல் காலணிக்கு மாறினேன். இரண்டையும் ஒரே இடங்களில்தான் அணிந்து ஆடியிருக்கிறேன்: ஆண்டுக்கு நான்கைந்து முறை, 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் மன்றத்தின் மேடுபள்ளமான புல்வெளியில், மற்ற நாட்களில், தென்காசிக்கு அருகே அத்தானின் தென்னந்தோப்பை ஒட்டிய புல்தரையில். என் சாய்வு ஸ்பைக் வைத்ததன் பக்கம்தான்.

எடையிலும் தோற்றத்திலும் ஸ்பைக் இல்லாததே மேல். அதை அணிந்தபடியே வண்டி ஓட்டலாம், இறங்கி டீக்கடைக்கும் நடக்கலாம். 2010-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் அந்நாட்டு ஆட்டக்காரர் ஃப்ரெட் கப்பிள்ஸ் இவ்வகைக் காலணியோடு ஆடியபோது பலருடைய கவனமும் இதன்மீது விழுந்தது.

நெகிழ்வும் உறுதியும் ஏன் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னுக்குத் தூக்கும்போது எடை வலது பாதத்தின் உட்பக்கம் இறங்குகிறது. அடித்து முடிக்கையில் அது இடது பாதத்தின் வெளிவிளிம்புக்குப் புரள, வலது குதிகால் மேலெழுந்து விரல்கள் மட்டும் தரையில் மடங்கி நிற்கின்றன. ஆகவே காலணி விரல் மூட்டில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இதற்காகவே முன்பாதத்தின் அடியில் குறுக்காகப் பள்ளக் கோடுகளை வெட்டி, உள்ளங்கால் வளைவுக்குக் கீழே கடினமான தகடு ஒன்றைப் பதிப்பார்கள். கடையில் குதிகாலை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து முதலில் மடக்கிப் பாருங்கள், பிறகு ஈரத் துண்டைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். என் பழைய காலணி சுகமாக வளைந்தது, ஆனால் நடுவிலும் வளைந்தது. தோல் காலணி முதல் மாதம் குதிகாலைக் கடித்தது. பழகிய பின் வளைய வேண்டிய இடத்தில் மட்டும் வளைகிறது. ஸ்பைக் இல்லாத எல்லாக் காலணிகளும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் அணிந்தது ஒன்றே ஒன்று.

என்னை மாற வைத்தது தேய்மானம். ஸ்பைக் இல்லாததில் பிடிப்பைத் தருபவை அடியோடு சேர்த்தே வார்த்த சிறு ரப்பர் குமிழ்கள். எங்கும் அணிந்து போகலாம் என்ற வசதியினாலேயே அவை தார்ச்சாலையிலும் சரளையிலும் தேய்ந்துவிடுகின்றன. சென்ற ஆடிச் சாரலில், நனைந்த புல்லில் அடித்து முடிக்கும் வேளையில் இடது கால் வழுக்கி, முழங்கால் பிசகியது. காலணியைக் கவிழ்த்துப் பார்த்தால், இடது அடியின் வெளி ஓரத்தில் குமிழ்கள் இருந்த இடம் பேருந்தின் பழைய டயர்போல வழுவழுவென்றிருந்தது. உட்பக்கமோ புதிது போலவே இருந்தது. பாளை மார்க்கெட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொண்டு போனேன். அவர் அடியை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதுல தைக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? அடி மொத்தமும் ஒரே வார்ப்பால்லா இருக்கு” என்றார். மேல்பாகம் கிழியாமல் முழுதாக இருக்க, கையகல இடம் தேய்ந்ததற்காக முழுக் காலணியும் வீணாயிற்று.

ஸ்பைக் வைத்ததில் அந்தக் கவலை இல்லை. முன்பு உலோக ஆணிகள் இருந்தன. அவை புல்தரையைக் குதறியதால் 1990-களில் மன்றங்கள் தடை விதிக்கத் தொடங்கின, பிளாஸ்டிக் ஸ்பைக்குகள் வந்தன. ஒவ்வொன்றையும் சிறு திருகுசாவியால் தனியாகக் கழற்றலாம். இந்த ஓராண்டில் இடது காலின் வெளி ஓரத்தில் உள்ள இரண்டை மட்டும் ஒருமுறை மாற்றினேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.

பராமரிப்பு வேலை இல்லாமலில்லை. தோப்பின் செம்மண் திருகுப்பள்ளத்தில் அடைத்து, காய்ந்தால் இறுகிவிடும். ஆடிய அன்றே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணோடு திருகினால் மரை அழிந்துவிடும், பிறகு அந்தக் காலணிக்கும் மீட்சி இல்லை. சிமெண்டுத் தரையிலும் கல்படியிலும் வழுக்கும் என்பதால் வண்டியில் செருப்பு ஒன்று எப்போதும் கிடக்கிறது. இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுண்டு: பாலியூரித்தேன் நுரை வைத்த அடி, நம் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தானாகவே உதிர்ந்து தூளாகும். என் தோல் காலணிக்கு ஓராண்டுதான் ஆகிறது. அதன் அடி எத்தனை காலம் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அத்தான் மகன் இப்போது பழகத் தொடங்கியிருக்கிறான். பதின்மூன்று வயது, ஆண்டுக்கு ஓர் அளவு கூடுகிறது. குமிழ் தேய்வதற்குள் கால் வளர்ந்துவிடும் என்பதால், அவனுக்கு ஸ்பைக் இல்லாததையே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.