எஞ்சின் வேலை முடிந்தும் ஆயில் லைட்: கெட்டி ஆயிலா, புது பம்பா, சம்ப்பைக் கழற்றுவதா?

மாருதி 800-க்கு எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கிரைண்டிங் செய்து, புது பேரிங்கும் போட்டாயிற்று. ஆனால் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது, கீழேயிருந்து டொக் டொக் என்று சத்தம். பட்டறையில் மூன்று யோசனைகள் வரும்: கெட்டி ஆயில் ஊற்றலாம், பம்பை மாற்றலாம், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்க்கலாம்.

எதைச் செய்வதென்றாலும் முதலில் ஆயில் லைட்டை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முள் வைத்த மெக்கானிக்கல் அழுத்த கேஜ் மாட்டி அளந்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அழுத்தம் 0.3, 0.5 பார் அளவுக்கு இறங்கிய பிறகுதான் லைட்டே எரியும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக் கணக்கு. துல்லியமில்லை, ஆனால் உதவும். குளிர்ந்த எஞ்சினில் ஒரு தடவை, நன்றாகச் சூடான பிறகு ஒரு தடவை எழுதி வையுங்கள். கேஜ் சரியாகக் காட்டினால் சுவிட்ச்தான் கோளாறு, சத்தத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

கெட்டி ஆயில்தான் மலிவு. வேலையும் செய்யும், தொல்லையே அதில்தான். பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது; பேரிங் இடைவெளியில் அது தடைபடுவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. அந்த இடைவெளி 0.04 மில்லிமீட்டரிலிருந்து 0.08 ஆனால், அதே அழுத்தத்தில் கசிவு இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. கெட்டி ஆயில் கசிவைக் குறைத்து கேஜ் முள்ளை ஏற்றிவிடும், சத்தத்தையும் கொஞ்சம் அமுக்கிவிடும். இடைவெளி அப்படியேதான் இருக்கும். ஓடித் தேய்ந்த பழைய எஞ்சினை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிக்கொள்ள இது போதும். புது பேரிங் போட்ட எஞ்சினில் இப்படிச் செய்வது, வேலையில் இருக்கும் குறையை மூடி மறைப்பதுதான்.

பம்ப் மாற்றுவது பலருக்கும் பிடித்த பதில். குளிர்ந்த எஞ்சினிலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போதும் பம்ப் மட்டுமே காரணமில்லை: அதிக அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையான ஸ்ட்ரெய்னர் இணைப்பில் காற்று இழுக்கலாம், எஞ்சின் பிளாக்கைக் கழுவியவர் அதிலுள்ள ஆயில் பாதையை (கேலரி) அடைக்கும் பிளக்கைத் திரும்பப் போட மறந்திருக்கலாம். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுகிறதா? அப்படியானால் என் சந்தேகம் முதலில் பேரிங் மீதுதான். இன்னொன்று, மாருதி 800-இல் பம்ப் கிராங்கின் முன்முனையில் இருக்கிறது. அதை எடுக்க டைமிங் பெல்ட்டோடு சம்ப்பும் கழல வேண்டும். அவ்வளவு தூரம் போனவர் பேரிங்கைப் பார்க்காமல் மூடினால் என்ன சொல்வது!

ஆகவே என் ஓட்டு சம்ப்பைக் கழற்றுவதற்கே. அதற்கு முன் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். மேலே டிக் டிக் என்று, கிராங்க் வேகத்தில் பாதியாகக் கேட்டால் வால்வை இயக்கும் டேப்பெட்; திருகை அட்ஜஸ்ட் செய்தால் போய்விடும். ஐடிலிங்கில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகக் கொஞ்ச நேரம் துண்டித்துப் பாருங்கள். எந்த சிலிண்டரில் சத்தம் அடங்குகிறதோ, அதன் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிஸ்டன் தட்டினாலும் இதேபோல் அடங்கும், ஆனால் அது குளிரில் அதிகமாகக் கேட்டு, சூடானதும் குறையும்.

உள்ளே பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பேரிங்கின் முதுகில் உள்ள அளவு, கிராங்கைக் கடைந்த அளவுக்குப் பொருந்துகிறதா? 0.25 மில்லிமீட்டர் கடைந்த ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஸ்டாண்டர்டு பேரிங் போனால் முதல் ஸ்டார்ட்டிலேயே அடிக்கும். ராடு மூடிகள் இடம் மாறியிருக்கின்றனவா? பிறகு ஜர்னலில் ஆயிலைத் துடைத்து, பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் அளவு நூலை வைத்து, மூடியைக் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைத் திருப்பக் கூடாது. ஜர்னலை மைக்ரோமீட்டரிலும் அளந்துவிட்டால், தவறு லேத் பட்டறையிலா, எஞ்சினைக் கோர்த்தவரிடமா என்பதும் தெரிந்துவிடும். யாரிடம் பணம் திரும்பக் கேட்பது என்ற பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.