வழியில் இளகிய எலிகளை "மீண்டும் உறைய வையுங்கள்" என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

4 ஆண்டுகளாகக் கார்ன் ஸ்நேக் என்னும் வகைப் பாம்பு ஒன்றை வளர்த்து வருகிறேன். இத்தனை காலத்தில் அது விழுங்கிய இரையைக் கக்கியது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறைக்குக் காரணம் எனக்கு விற்கப்பட்ட எலிகளும், அவற்றோடு சேர்த்து எனக்குத் தரப்பட்ட தவறான ஆலோசனையும்தான் என்பதால், பாம்புக்கு இரையாக உறைய வைத்து விற்கப்படும் எலிகளை வாங்கும் எவருக்கும் இது நேரக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் இருப்பு இல்லாமல் போகவே, புதிய விற்பனையாளர் ஒருவரிடம் 20 வளர்ந்த சுண்டெலிகளை வரவழைத்தேன். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது. திறந்து பார்த்தபோது குளிர்ப்பொதிகள் முழுவதும் நீராகியிருந்தன. பையின் ஓரத்தில் இருந்த எலிகளின் கால்கள் விரலால் தொட்டதும் வளைந்தன, நடுவில் இருந்தவை மட்டும் கல்லாக இருந்தன. உடனே அவரை அழைத்தேன். "வழியில் கொஞ்சம் இளகியிருக்கும், அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், பாம்பின் வயிற்று அமிலத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது" என்று உறுதியாகச் சொன்னார். பல ஆண்டுகளாக இதையே தொழிலாகச் செய்வதாகச் சொன்னவரின் பேச்சை நம்பி, அன்றே திருப்பி அனுப்பாமல் விட்டேன்.

10 நாள் கழித்து ஒன்றை எடுத்து எப்போதும் போல் இளக வைத்துக் கொடுத்தேன். பாம்பும் தயங்காமல் விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் கூண்டில் அந்த எலி பாதி கரைந்த நிலையில், தாங்க முடியாத துர்நாற்றத்துடன் கிடந்தது. விற்பனையாளரிடம் சொன்னபோது முதலில் கூண்டின் வெப்பம் போதவில்லை என்றார். வெப்பமான பக்கத்தில் 30 டிகிரி காட்டும் வெப்பமானியைப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்து, இரை கொடுத்ததும் பாம்பைக் கையில் எடுத்திருப்பேன் என்றார். அந்த 3 நாளும் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றியதைத் தவிர நான் கூண்டுக்குள் கையே வைக்கவில்லை.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, பழைய இடத்தில் வாங்கி மிச்சமிருந்த எலி ஒன்றையும் இவரிடம் வாங்கிய ஒன்றையும் தனித்தனி ஜிப் பைகளில் இட்டு, ஒரே தட்டில், ஒரே இரவு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். இவர் அனுப்பிய எலியைப் பிரித்தெடுக்கவே சிரமமாக இருந்தது. மூன்று எலிகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன, பையின் அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் பனித்தகடு ஒன்று படிந்திருந்தது. உருகி வழிந்த நீர் மறுபடி உறைந்ததன் அடையாளம் அது என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். காலையில் பழைய எலியின் வயிறு வெளிறிய நிறத்தில் இறுக்கமாக இருந்தது. மற்றதன் வயிறு பச்சை படர்ந்து தளர்ந்திருந்தது. கிடுக்கியால் தொடையைப் பிடித்துத் தூக்கியதும் ரோமத்தோடு தோல் வழுக்கிக் கையோடு வந்தது.

உறைய வைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி மட்டுமே வைக்கிறது. எலியின் குடலிலேயே ஏராளமான பாக்டீரியாக்கள் இருப்பதால், இளகிய நேரத்தில் அவை பெருகி, திரும்ப உறைந்து, அடுத்த முறை இளகும்போது அந்தப் பெருகிய அளவிலிருந்தே மறுபடி தொடங்குகின்றன. பாம்பு இரையை மெல்லாமல் முழுதாக விழுங்கிப் பல நாள் எடுத்துச் செரிப்பது. செரிமான நீர் உள்ளே போய்ச் சேருவதற்குள் அழுகல் முந்திக்கொண்டால், இரை வாயுவால் உப்பி, பாம்பு அதை வெளியே தள்ளிவிடும்.

இரண்டு எலிகளின் படங்களையும் அனுப்பிய பிறகு அந்த விற்பனையாளர் சொன்னதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நான் இளக வைத்த முறையே தவறு என்றும், காலையில் வெளியே எடுத்து மாலை வரை அறையில் வைக்க வேண்டும், அவசரமென்றால் மைக்ரோவேவில் வைக்கலாம் என்றும் புதிதாக வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வதாகச் சொன்னார். இதை யாரும் பின்பற்றாதீர்கள். அறை வெப்பத்தில் தோலும் வயிறும் முதலில் சூடாகி, நடுப்பகுதி உருகும்வரை மணிக்கணக்கில் 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட, பாக்டீரியா பெருகும் வெப்பத்திலேயே கிடக்கும். மைக்ரோவேவில் ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் போகும், வயிறு வெடிக்கவும் கூடும். அதோடு அது மனிதர் உண்ணும் உணவு சூடாகும் இடம். உறைந்த எலிகளின் வழியாகச் சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி பரவி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மக்கள் நோயுற்றதும், 2010இல் அதன் பேரில் எலிகள் திரும்பப் பெறப்பட்டதும் நடந்த செய்திகள். பாதிக்கப்பட்டவர்களில் சிறு குழந்தைகள் பலர்.

நான் செய்வது இதுதான்: மூடிய பையில் இட்டு, உணவுப் பொருள்கள் இல்லாத தட்டில், குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு இளக வைப்பேன்; பெரிய எலிகளுக்கு முழு நாள் தேவைப்படும். கொடுப்பதற்குச் சற்று முன் பையோடு வெந்நீரில் வைத்து, மேற்பரப்பு 38 டிகிரி அளவுக்கு வந்ததும் எடுத்து, வயிற்றையும் மார்பையும் அழுத்திப் பார்ப்பேன். நடுவில் கடினமாகவோ குளிர்ச்சியாகவோ ஏதேனும் தட்டுப்பட்டால் மீண்டும் வெந்நீருக்குத்தான் போகும். கிடுக்கியால் மட்டுமே கொடுப்பேன். அதற்கும் வெந்நீருக்கும் தனிப் பாத்திரம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறெதையும் தொடுவதில்லை. பாம்பு தொடாமல் விட்ட எலி குப்பைக்குத்தான், ஃப்ரீசருக்கு இல்லை.

பெட்டி வந்ததும் திறப்பதையே காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எலி வளைந்தாலோ, ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டியிருந்தாலோ, பையில் நிறமேறிய பனி இருந்தாலோ, ஃப்ரீசரில் வைக்காமல் அன்றே மறுத்துவிடுங்கள். எனக்குப் பணம் திரும்ப வரவில்லை. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். மீதமிருந்த 18 எலிகளையும் இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன்.

கால்நடை மருத்துவர் சொன்னபடி 14 நாள் தண்ணீர் மட்டும் வைத்து, பின்பு வழக்கத்தில் பாதி அளவுள்ள எலி ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கக்காமல் வைத்துக்கொண்டது. 412 கிராமாக இருந்த எடை 381க்கு இறங்கியது. இன்று காலை நிறுத்தபோது 390 இருந்தது.