துபாய்ப் பணம் ஊருக்கு, ஊர்ப் பணம் வெளிநாட்டுக்கு: எந்த வழியில் அனுப்பினால் மிச்சம்?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, நம்புதாளை என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரில் நின்று கேட்டாலும் "நீங்க எதுல அனுப்புறீங்க காக்கா (அண்ணே)?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பெயர் வரும், ஆனால் காரணம் மட்டும் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "இதுல சார்ஜ் கம்மி." எனக்குச் சண்டையே அந்தக் காரணத்தோடுதான். சார்ஜ் என்பது அனுப்பும் செலவில் கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதி ரேட்டுக்குள் இருக்கிறது. சார்ஜே இல்லை என்று போர்டு மாட்டியவர் சும்மா அனுப்பித் தரவில்லை, ஐஸோடு சேர்த்து மீனை நிறுத்துத் தருகிறார், அவ்வளவுதான்.

கணக்காகவே பார்ப்போம். இன்று ஒரு திர்ஹாமுக்குச் சந்தை விலை 24 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கூகுளில் தேடினால் வருவது இந்த நடு விலைதான், எந்தக் கடையும் அப்படியே அதைத் தராது). பணம் அனுப்பித் தரும் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் முதல் கடை சார்ஜ் இல்லை என்கிறது, ரேட் 23.70. இரண்டாவது கடை 23 திர்ஹாம் சார்ஜ் பிடிக்கிறது, ரேட் 23.92. 3,000 திர்ஹாம் கொடுத்தால் முதல் கடையில் ஊருக்கு வருவது 71,100 ரூபாய். இரண்டாவதில் சார்ஜ் போக 2,977 திர்ஹாம்தான் மாறுகிறது, இருந்தும் 71,209 வருகிறது. சார்ஜ் வாங்கியவரே நூறு ரூபாய்க்கு மேல் கூடத் தருகிறார். அதே இரண்டு கடைகளில் 500 திர்ஹாம் கொடுத்துப் பாருங்கள், முதலில் 11,850, இரண்டாவதில் 11,409. இப்போது சார்ஜ் இல்லாதவர் 440 ரூபாய் மேலே. இந்த எடுத்துக்காட்டில் 2,500 திர்ஹாம் பக்கத்தில் இரண்டும் சமமாகின்றன, அதற்குக் கீழே ஒன்று, மேலே மற்றொன்று. ஆகவே "எது மலிவு" என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு அனுப்புறீங்க" என்று கேட்க வேண்டும். மாதம் நான்கு தடவை ஐந்நூறு ஐந்நூறாக அனுப்புகிறவரும் மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்புகிறவரும் ஒரே கடைக்குப் போக வேண்டியதில்லை.

வளைகுடாவில் எக்ஸ்சேஞ்ச் கடைகளை ஆப்களோடு ஒப்பிடும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, சவூதி ரியாலும் 3.75 தான். அப்படியிருக்க ஒரே நேரத்தில் இரண்டு கடைகளின் ரேட் வேறுபட்டால் அதற்குத் திர்ஹாம் காரணமில்லை, ரூபாயும் காரணமில்லை, கடைக்காரரின் லாபம்தான் வித்தியாசம். பெரிய எக்ஸ்சேஞ்ச்களின் சொந்த ஆப்பில் தருகிற ரேட்டே சில நேரம் அதே எக்ஸ்சேஞ்சின் கவுண்டரில் தருவதைவிட நன்றாக இருக்கும். வரிசையில் நிற்கும்போதே போனில் பார்த்துவிடலாம். ஆப்களில் புது ஆளுக்கு முதல் தடவை மட்டும் தருகிற ரேட் என்று ஒன்று உண்டு, அதைப் பார்த்து மயங்கி மற்றவருக்குச் சிபாரிசு செய்யாதீர்கள், இரண்டாவது தடவை என்ன தருகிறார்கள் என்பதுதான் அந்த ஆப்பின் உண்மையான விலை.

அப்புறம் கிழமை. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. நம்மவர்களுக்கு அனுப்ப நேரம் கிடைப்பதும் அன்றைக்குத்தான், நாணயச் சந்தை மூடியிருப்பதும் அன்றைக்குத்தான். திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர் கொஞ்சம் பாதுகாப்பாகவே ரேட் வைப்பார். வேலை நாளில், இந்தியச் சந்தை நடக்கும் நேரத்தில், அதாவது துபாய் நேரம் மதியம் இரண்டு மணிக்குள் போனிலேயே அனுப்பிவிடுவது மேல். இங்கே வந்து சேர்வதற்கு நேரம் காலம் இல்லை, இந்திய வங்கிகளுக்குள் பணம் மாற்றும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது.

ரேட் ஏறட்டும் என்று சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3,000 திர்ஹாமுக்கு ரேட் பத்துப் பைசா ஏறினால் கிடைப்பது 300 ரூபாய். வீட்டில் ஒரு லட்சத்துக்கு நகைக்கடன் 12 சதவீத வட்டியில் ஓடிக்கொண்டிருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. காத்திருந்து யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு வங்கிகள் தகவல் அனுப்பும் வலைப்பின்னல்) வழியில் அனுப்புவது மாதச் செலவுக்குச் சரிப்படாது. நடுவில் இருக்கிற வங்கி ஒரு தொகையைக் கழிக்கும், இங்கே உள்ள வங்கி தன் ரேட்டில் மாற்றும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. எக்ஸ்சேஞ்ச்காரர்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கே வைத்திருக்கிறார்கள், பணம் அங்கேயே ரூபாயாகிவிடுகிறது, அதனால்தான் வேகமும் மலிவும். ஆனால் மனை வாங்க, வீடு கட்டப் பெரிய தொகை வருகிறது என்றால் வங்கி வழியையும் விசாரியுங்கள், தொகை பெரிதாகும்போது சார்ஜ் கரைந்துபோகும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பை என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) போட்டால் வட்டிக்கு இங்கே வரி இல்லை, திருப்பி எடுத்துப்போகவும் தடையில்லை. பழைய சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே போட்டுக்கொண்டிருப்பது விதிப்படி சரியில்லை.

கணக்கே இல்லாதவருக்கு, அவசரத்துக்குக் கையில் ரொக்கமாகத் தர வேண்டுமென்றால் வெஸ்டர்ன் யூனியன் மாதிரியானவை. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருஷத்துக்கு 30 தடவை, ரொக்கமாக வாங்குவது 50,000 ரூபாய் வரை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நல்லது, மாதாமாதம் வேண்டாம்.

இனி உண்டியல், அதாவது வங்கி, எக்ஸ்சேஞ்ச் எதுவும் இல்லாமல் ஆள் மூலம் பணம் சேர்க்கும் ஹவாலா. இதைப் பேசாமல் எங்கள் கரையில் இந்த ஒப்பீட்டை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். வங்கிக் கிளையே இல்லாத ஊருக்கு, கையெழுத்துப் போடத் தெரியாத உம்மாவின் (அம்மாவின்) கையில், வீட்டு வாசலில் பணத்தைச் சேர்த்த வழி அது, அதன் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வளைகுடாவுக்குக் கடல் வேலைக்குப் போய், படகிலேயே நாளைக் கழிப்பவருக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலைத் தேடிப் போவதே ஒரு வேலை, உண்டியல்காரர் தேடி வருகிறார். ரேட்டிலும் ஒரு காலத்தில் நல்ல வித்தியாசம் இருந்தது. இன்று அந்த வித்தியாசத்தை ஆப்கள் தின்றுவிட்டன, மிஞ்சியிருப்பது ஆபத்துதான். ஒன்று, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999 படி இது சட்ட மீறல், தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். இரண்டாவதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். இப்போது யாரும் நோட்டுக்கட்டோடு வாசலுக்கு வருவதில்லை, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் வீட்டுக் கணக்குக்கு யூபிஐயில் பணம் விழுகிறது. அது ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்த பணமாக இருந்து, அவர் வேறு மாநிலத்தில் சைபர் போலீஸில் புகார் கொடுத்தால், பணம் போன பாதையில் இருக்கிற கணக்கெல்லாம் முடங்கும். உழைத்துச் சம்பாதித்த காசு என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒரு ரசீதுகூட இருக்காது. 3,000 திர்ஹாமுக்கு நூறோ இருநூறோ கூடக் கிடைப்பதற்காக வீட்டுக் கணக்கு மொத்தத்தையும் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு நிலைமை வேறு. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யூபிஐயையும் அதே மாதிரி அங்குள்ள உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வையும் இணைத்தார்கள், போன் நம்பருக்கோ யூபிஐ முகவரிக்கோ அனுப்பினால் உடனே வந்து விழுகிறது. தொடங்கும்போது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இங்கிருந்து அங்கே அனுப்பவும் முடியும் என்பதுதான் இதில் விசேஷம், தொடக்கத்திலேயே அதற்கு அனுமதி பெற்ற நான்கு வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு, ராமநாதபுரம் மாவட்டத்தில் அநேகம் பேருக்கு இரண்டில் ஒன்றில் கணக்கு இருக்கும். அங்கே படிக்கிற, வேலை தேடுகிற பிள்ளைக்குச் செலவுக்கு அனுப்ப இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனிலிருந்து கொஞ்சம் பெரிய தொகை வருகிறதென்றால் வைஸ் மாதிரி நடு விலையையே கொடுத்துச் சார்ஜைத் தனியாகக் காட்டுபவர்களை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், மற்ற எந்த ஆப்பின் ரேட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எவ்வளவு மறைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2026 ஜனவரி முதல் ரொக்கமாகக் கட்டி அனுப்பினால் 1 சதவீதம் வரி, வங்கிக் கணக்கிலிருந்தோ அந்நாட்டு டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ போனால் வரி இல்லை. அவ்வளவுதான் அங்கே சொல்ல இருப்பது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஊருக்கு வருகிற பணம். ஊரிலிருந்து போகிற பணம்தான் இப்போது கூடிவருகிறது. ஜார்ஜியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மருத்துவம், மலேசியாவிலும் பிரிட்டனிலும் மேல்படிப்பு. இதற்கு மூன்று வழி: நம் வங்கிக் கிளை, அந்நியச் செலாவணி ஆன்லைன் நிறுவனங்கள், கல்லூரியே காட்டுகிற ஃப்ளைவயர் மாதிரியான கட்டணத் தளம்.

கிளையில் முதல் சிக்கல், எல்லாக் கிளையிலும் இந்த வேலை நடக்காது. ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), பான், கல்லூரியின் கட்டணக் கடிதம் எல்லாவற்றையும் வாங்கி வேறு பெரிய கிளைக்கு அனுப்புவார்கள், அதற்குள் ரேட் மாறியிருக்கும். இரண்டாவது, அவர்கள் சொல்லும் ரேட்டைக் கல்வெட்டு என்று நினைத்து ஒப்புக்கொள்கிறோம். 6,000 பவுண்டு கட்ட வேண்டிய இடத்தில் ரேட்டில் ஒன்றரை ரூபாய் குறைந்தால் 9,000 ரூபாய் மிச்சம். ஆயிரம் ரூபாய் சார்ஜைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. பெரிய தொகைக்கு ரேட்டைக் குறைத்துத் தர வங்கிகளுக்கு இடம் உண்டு. ஆன்லைனில் ஒருவர் தருகிற ரேட்டைப் போனில் காட்டி, "இதுக்குத் தர முடியுமா சார்?" என்று மேனேஜரிடம் கேளுங்கள், அதில் ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. நாணயம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டி மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், ஏழு லட்சத்துக்கு 720.

ஆன்லைன் நிறுவனங்களில் ரேட் பொதுவாக இதைவிட நன்றாக இருக்கும், காகிதங்களைப் போட்டோ எடுத்து ஏற்றினால் போதும். ரிசர்வ் வங்கி அனுமதி உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கவனிக்க வேண்டியது நடு வங்கிச் சார்ஜை யார் ஏற்பது என்ற கட்டம். அதில் அனுப்புகிறவரே முழுவதும் ஏற்கிறார் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கல்லூரிக் கணக்கில் இருபது முப்பது டாலர் குறைந்து விழும், பிள்ளை அங்கே அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். கட்டணத் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, ரூபாயில் ஒரு தொகை காட்டுவார்கள், கட்டினால் கல்லூரிக்கு முழுசாகப் போய்விடும். ஆனால் அந்த ரூபாய்த் தொகைக்குள் அவர்கள் லாபமும் இருக்கிறது. மொத்த ரூபாயை மற்ற இரண்டு வழியோடு ஒப்பிட்டுவிட்டுக் கட்டுங்கள். ரஷ்யாவுக்கு இவை எதுவும் நேராகப் போகும் என்று நம்ப வேண்டாம். 2022க்குப் பின் அங்குள்ள பல வங்கிகள் ஸ்விஃப்ட்டில் இல்லை, கல்லூரி சொல்லும் வங்கியைக் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கடைசியாக டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்கு அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் ஒரு பான் எண்ணுக்கு வருஷம் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை, அதைத் தாண்டிய தொகைக்குத்தான். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போனால் தாண்டினாலும் இல்லை. இங்கே நோக்கத்துக்கான குறியீடுதான் முக்கியம். படிப்புக்கு எஸ் 0305, அதில் விடுதிச் செலவும் அடங்கும். அவசரத்தில் குடும்பப் பராமரிப்பு என்று எஸ் 1301 போட்டுவிட்டால், பத்து லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், கல்விக்கு விகிதம் அதைவிட மிகக் குறைவு. வாப்பா (அப்பா), உம்மா இருவருக்கும் தனித்தனியே பான் இருந்தால் ஆளுக்குப் பாதியாக அனுப்பலாம், ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் என்ற வரம்பு தனி. பிடித்த பணம் செலவு இல்லை, வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் வரவாக நிற்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திருப்பி வாங்கலாம். தாக்கல் செய்யாதவருக்கு அது வராது.