மணல் மூட்டை, புளியங்கட்டை, கொட்டாப்புளி: நான்கு வருடத்தில் மூன்று டேங்க்

நான்கு வருடத்தில் மூன்று பெட்ரோல் டேங்க் கையாலேயே அடித்துச் செய்திருக்கிறேன். இரண்டு பழைய புல்லட் 350-க்கு, ஒன்று ஆர்.எக்ஸ். 100-க்கு. எல்லாமே 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. கனமுள்ள சி.ஆர். (சூடாக்காமல் உருட்டிய இரும்பு) தகடு. இந்த வேலைக்கு நான் வாங்கியவற்றில் எது உழைத்தது, எது சும்மா கிடந்தது என்று ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்லத் தோன்றியது.

முதலில், தகட்டை வைத்து அடிக்கும் கட்டை. கறிக்கடையில் வைத்திருப்பார்களே, அதே புளியங்கட்டைதான். மரவாடியில் வாங்கி, மேலே ஒரு சோற்றுக்கிண்ணம் அளவுக்குக் குடைந்துகொண்டேன். நான்கு வருடமாக அடி வாங்கியும் பிளக்கவில்லை. இத்தனை சாமானில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மணல் மூட்டை, செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் எருமைத் தோலில் தைத்துக் கொடுத்தது. சலித்து நன்றாகக் காயவைத்த மணலை முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். முழுக்க அடைத்தால் கல் மாதிரி ஆகிவிடும், தகடு குழியாது. மூன்றாம் வருடம் தையல் விட்டுத் தூசி கசிந்தது. இரட்டைத் தையல் போட்டபின் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் தகட்டை அதன்மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும்.

என் முதல் முயற்சி கெட்டதற்குச் சாமான் காரணமில்லை. வளைவு வேண்டுமென்று நடுவிலேயே அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அடித்தால் அந்த இடம் விரிந்து மெலியும், ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தபோது சில இடங்களில் 0.8 மி.மீ.தான் இருந்தது. வெல்டிங் வைத்ததும் அங்கேயெல்லாம் ஓட்டை. சென்னை புதுப்பேட்டையில் நாற்பது வருடம் டிங்கரிங் பார்த்த ஒரு பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஏன் தம்பி இந்த அடி அடிக்கிற? ஓரத்தைச் சுருக்கு, நடு தானா எழும்பும்" என்றார்.

அந்த ஒரு பேச்சில் வேலை மாறிப்போனது. ஓரத்தில் கொசுவம் மாதிரி மடிப்பு வரும். அதை விரியவிடாமல் கட்டையின் குழியில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டினால், தகடு தனக்குள்ளேயே நெருங்கும். ஓரத்தின் சுற்றளவு குறையும், கனம் கூடும், குமிழ் எழும்பும். மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் மட்டும் அந்த இடத்தில் கீறல் விடும். ஏறுவதற்கு முன்பே நிறுத்திப் பக்கத்தில் அடுத்த மடிப்பை எடுக்க வேண்டும். அடிக்க அடிக்கத் தகடு விறைக்கும். சுத்தியல் துள்ள ஆரம்பித்தால் கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு, தானாக ஆறவிடுவேன். செம்புக் குடம் அடிக்கும் கன்னார்களும் இப்படித்தான் சுட்டுச் சுட்டு அடிப்பார்கள்.

மேலும் கீழும் உள்ள இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தகட்டை உருட்டும் இங்கிலீஷ் வீலை இரண்டாம் வருடம் வாங்கினேன். சிறியது, மேசையில் பொருத்துவது. சுத்தியல் தழும்பை மழுப்ப அருமையான சாமான். ஆனால் ஆழமான வளைவை அது எடுத்துத் தராது, அழுத்தம் கூட்டினால் அதன் சட்டமே வளைகிறது. ஒன்றரை வருடத்தில் கீழ்ச் சக்கரத்தின் பேரிங் ஆடி, தகட்டில் கோடு விழுந்தது. பேரிங் மாற்றியபின் சரியாக ஓடுகிறது. என்னைக் கேட்டால் இதைக் கடைசியில் வாங்குங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து நானே செய்த தட்டியும் (தட்டையாக அடிக்கும் பட்டை), தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டியான ஒரு டாலியும் பாதி வேலையை முடித்துவிடும்.

மேடு பள்ளம் பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் தட்டுப்படும். காதுக்கு மூடி கட்டாயம். முதல் ஆறு மாதம் நான் போடவில்லை, இப்போதும் இடது காதில் இரைச்சல் இருக்கிறது.

வெல்டிங் முடிந்ததும் வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் 2, 3 பி.எஸ்.ஐ. மட்டும் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை நேரே விட்டால் பக்கங்கள் உப்பிவிடும், அத்தனை நாள் உழைப்பும் போய்விடும்.

மூன்றில் ஒன்றில்தான் இப்போது உள்ளே துரு. மழைக்காலம் முழுக்க அரை டேங்க்கோடு நிறுத்திவைத்த புல்லட் அது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டையும் நிரப்பியே வைக்கிறேன், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.