எர்மா பாடியதா, ஜானிஸ் பாடியதா?

'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாட்டு என்றாலே பலருக்கு ஜானிஸ் ஜாப்ளின்தான் ஞாபகம் வருவார். 1968-ல் பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி குழுவோடு அவர் பாடியது, அமெரிக்க ஹிட் பாட்டுகளின் பட்டியலில் 12-ம் இடம் வரை ஏறியது. ஆனால் 1967-லேயே இந்தப் பாட்டைப் பாடி வைத்துவிட்டவர் எர்மா ஃபிராங்க்ளின். புகழ்பெற்ற பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் அக்கா. பெர்ட் பெர்ன்ஸும் ஜெர்ரி ராகவாயும் எழுதிய பாட்டு, பெர்ன்ஸின் ஷவுட் இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்டது. கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 10-ம் இடம் கிடைத்தது, பொதுப் பட்டியலில் 62-ஐத் தாண்டவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஜானிஸ் பதிவில் கிதார் உறுமுகிறது, குரல் ஆரம்பத்திலேயே கொதிக்கிறது, அந்த வேகத்தில் ஒரு பெரிய கவர்ச்சி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எர்மா அவசரப்படுவதே இல்லை. நிதானமான தாளம், பின்னால் பெண்குரல்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் 'உனக்கு நான் என்ன குறை வைத்தேன்' என்று கேட்பதுபோலத் தொடங்குகிறார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறுகிறது, ஏறி உச்சத்துக்குப் போகும்போதும் பிடி நழுவவில்லை. பாட்டின் வரிகளில் இருப்பவள் அடிபட்டும் உறுதியாக நிற்கிற பெண். அந்த உறுதி ஜானிஸிடம் கதறலில் கரைந்துவிடுகிறது, எர்மாவிடம் முழுசாக இருக்கிறது. என்னைக் கேட்டால் எர்மாதான், சந்தேகமே இல்லை. ஜானிஸ் பாடியதை வானொலியில் முதலில் கேட்டபோது அது தன் பாட்டுதான் என்றே அடையாளம் தெரியவில்லை என்று எர்மா சொல்லியிருக்கிறார், அவ்வளவு தூரம் மாறியிருந்தது. 1992-ல் ஒரு லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் அவருடைய பதிவு ஒலித்த பிறகுதான், கால் நூற்றாண்டு தாமதமாக, பிரிட்டன் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது.

அதற்காக அசல் எப்போதும் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. 'ரெஸ்பெக்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் ஓட்டிஸ் ரெட்டிங் எழுதிப் பாடியபோது, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் கேட்கிற மரியாதை அது. ஊதுகுழல்கள் துள்ளுகின்றன, ஓட்டிஸின் குரல் மூச்சுவிடாமல் ஓடுகிறது, அருமையான பதிவுதான். ஆனால் 1967-ல் அரீத்தா அதைப் பெண்ணின் கோரிக்கையாகத் திருப்பி, 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் அந்தப் பகுதியையும் சேர்த்தபோது பாட்டு வேறொன்றாகிவிட்டது. அந்த வருடம் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா மேடையில், ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்ட பாட்டு என்று ஓட்டிஸே அறிமுகப்படுத்தினார். இதில் என் ஓட்டு அரீத்தாவுக்கு. அந்தப் பதிவில் பின்னணி பாடியவர்களில் எர்மாவும் உண்டு, தங்கை கரோலினும் உண்டு. அரீத்தாவின் வெற்றியில் குரல் கொடுத்த அதே வருடம்தான் எர்மா தன் பாட்டையும் பாடினார்.

அப்புறம் 'டெய்ண்டட் லவ்'. 1981-ல் சாஃப்ட் செல் என்ற இருவர் குழு சிந்தசைசரில் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்ததைத்தான் உலகத்துக்குத் தெரியும். எட் காப் எழுதிய அந்தப் பாட்டை முதலில் பாடியவர் குளோரியா ஜோன்ஸ், 1960-களின் நடுவில், அதுவும் ஓர் இசைத்தட்டின் பி பக்கத்தில், அதாவது முக்கியப் பாட்டுக்குப் பின்பக்கத்தில். அப்போது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 1973-ல் அமெரிக்கா போன ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே அதை வாங்கிவந்து வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் சுழலவிட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. சாஃப்ட் செல் பதிவில் ஒரு குளிர்ச்சி, நின்று யோசிக்கிற சோகம். குளோரியா பதிவில் டிரம்ஸ் விரட்டுகிறது, உடனே அங்கிருந்து ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பு கால்களிலேயே தெரிகிறது. ஓடிப்போவதைப் பற்றிய பாட்டுக்கு அந்த வேகம்தான் சரி.

தேடிக் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குளோரியாவே 1976-ல் இதை மறுபடி பாடியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியது சாம்பியன் நிறுவனம் வெளியிட்ட பழைய பதிவு.